அடி வாங்குவதா, பிடிபடுவதா, விழுவதா

முதல் மூன்று வாரம் ஜூடோ வகுப்பில் யாரையும் தூக்கிப் போட எனக்குச் சொல்லித் தரவில்லை. விழச் சொன்னார்கள். பின்பக்கம் விழு, வலப்பக்கம் விழு, இடப்பக்கம் விழு, எழுந்திரு, மறுபடி விழு. அப்போது எனக்கு 36 வயது. அதற்கு முன் வேண்டுமென்றே தரையில் விழுந்தது சின்ன வயதில்தான் இருக்கும்.

விழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் குந்தி உட்கார வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, இடுப்பில் கட்டியிருக்கும் பெல்ட் முடிச்சைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால்தான் பின்மண்டை தரையில் இடிக்காது. முதுகை வளைத்துப் பின்னால் உருள வேண்டும். முதுகு மேட்டை (தரையில் விரித்திருக்கும் மெத்தையை) தொடுகிற அதே நொடியில் இரண்டு கைகளையும், உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை, மேட்டில் ஓங்கி அடிக்க வேண்டும். மூச்சு வெளியே போக வேண்டும். இவ்வளவையும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும். உடம்புதான் கேட்காது. சாயத் தொடங்கியதுமே கை தானாகப் பின்னால் ஊன்றப் போகும். அப்படி ஊன்றுகிறவர்களுக்குத்தான் மணிக்கட்டும் காறை எலும்பும் முறிகின்றன. ஊன்றுகிற அந்தப் பழக்கத்தை விட எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

"நானும் ஏதாவது தற்காப்புக் கலை கத்துக்கலாம்னு இருக்கேன், எதுல சேரலாம்?" என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மூன்று வாரம்தான். கேட்பவர்கள் பெரும்பாலும் எது சிறந்தது, எது வலிமையானது, தெருவில் எது கைகொடுக்கும் என்றுதான் தொடங்குவார்கள். நான் அவர்களிடம் வேறொன்றைக் கேட்பேன். எந்த அவஸ்தையோடு உங்களால் பழக முடியும்? முகத்தில் அடி வாங்குவது ஒரு அவஸ்தை. இன்னொருவர் உடம்புக்கு அடியில் மூச்சு முட்டக் கிடப்பது ஒன்று. தூக்கிப் போடப்பட்டு விழுவது ஒன்று. எதிரில் யாருமே இல்லாமல் ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்வதும் ஒன்று. எந்தக் கலையை எடுத்தாலும் இவற்றில் ஒன்றோ இரண்டோ தினமும் உங்களுக்குக் கிடைக்கும். அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த வாரமும் போகிறீர்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இது எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கவில்லை. நான் முதலில் சேர்ந்தது ஒரு கராத்தே வகுப்பு. கருப்பு பெல்ட் என்ற ஒன்றின் மேல் சிறு வயதிலிருந்து இருந்த ஆசையைத் தவிர வேறு காரணம் இல்லை. அங்கே ஐந்து மாதம் வரிசையில் நின்று காற்றில் குத்தினேன், காற்றில் உதைத்தேன், கட்டா என்கிற வரிசைப்படியான தனி அசைவுகளைச் செய்தேன். மாஸ்டர் நல்ல மனிதர். ஆனால் அந்த ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட எதிரில் ஒரு ஆளை நிறுத்தவில்லை. கேட்டபோது, "அதுக்கெல்லாம் இன்னும் நாள் இருக்கு" என்றார். விலகிவிட்டேன்.

அடுத்தது கிக்பாக்ஸிங். அங்கே நேர்மாறாக நடந்தது. இரண்டாவது வாரமே என் கையில் கிளவுஸை மாட்டி, பல வருடம் பழகிய ஒருவருக்கு எதிரே ஸ்பாரிங்குக்கு, அதாவது பயிற்சிச் சண்டைக்கு, நிறுத்தினார்கள். அவர் நிதானமாகப் பழகுவார் என்று நினைத்தேன். மூன்றாவது அடி காதோரம் விழுந்தது. இரண்டு நாள் தலைவலி போகவில்லை, வெளிச்சத்தைப் பார்த்தால் குமட்டியது. அதைச் சொன்னபோது, "முதல்ல அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றார்கள். தலையில் விழும் அடி பழகுகிற விஷயமே இல்லை. மூளை அதிர்ச்சி எத்தனை தடவை வாங்கினாலும் மூளை கெட்டிப்படாது. அதைத் தெரிந்துகொள்ளாத ஒருவர் சொல்லிக்கொடுக்கும் இடத்தின் மேல் இன்றுவரை எனக்குக் கோபம் தீரவில்லை, ஏனென்றால் அங்கே என்னைவிடச் சின்னப் பையன்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஹெட்கார்டு என்கிற தலைக்கவசம் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டையில் மேல்நிலைப் போட்டிகளில் ஆண்களுக்கு 2013-ல் ஹெட்கார்டை எடுத்தேவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர்கள் அது இல்லாமல்தான் ஆடினார்கள். புதிதாக வருபவருக்கு உண்மையான பாதுகாப்பு எதிரே நிற்பவரின் நிதானம்தான்.

இத்தனையும் சொல்லிவிட்டாலும், குத்துச்சண்டையை நான் மிகவும் மதிக்கிறேன். குறைந்த நுட்பங்களை வைத்துக்கொண்டு மனிதனை இவ்வளவு சீக்கிரம் மாற்றுகிற கலை வேறு இல்லை என்று நினைக்கிறேன். நேர்க்குத்து, குறுக்குக்குத்து, கொக்கிக்குத்து, கீழிருந்து மேலே போகும் குத்து, அடிப்படை இவ்வளவுதான். மீதியெல்லாம் கால். எங்கே நிற்பது, எப்போது அரை அடி நகர்வது. 1867-ல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள்தான் கிளவுஸையும், மூன்று நிமிடச் சுற்றையும், ஒரு நிமிட ஓய்வையும் கட்டாயமாக்கின. மூன்று நிமிடம் என்று சொன்னால் சின்னதாகத் தெரியும். குத்துப் பையை ஒரு மூன்று நிமிடம் விடாமல் குத்திப் பாருங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே கை தோளுக்கு மேல் ஏறாது. ஆனால் இதில் வருகிற அவஸ்தை மூக்கில்தான் இருக்கிறது. லேசாகப் பட்டாலே கண்ணில் தண்ணீர் வரும், கண் தானாக மூடும். மூடாமல் வைத்திருக்கப் பழகுவதுதான் முதல் பல மாதங்களின் வேலை. அது உங்களால் முடியாதென்றால் அதில் அவமானம் எதுவும் இல்லை. வேறு கலைக்குப் போகலாம்.

உதைகள் பிடித்தவர்களுக்கு கொரியாவின் டேக்வாண்டோவும் தாய்லாந்தின் முய் தாயும் இருக்கின்றன. பெயருக்கு இரண்டிலும் உதை. உள்ளே போனால் வேறு வேறு உலகம். டேக்வாண்டோவின் ஒலிம்பிக் வடிவம், 2000 சிட்னியில் பதக்கப் போட்டியானது, தூரத்தையும் வேகத்தையும் நம்புகிறது. இடுப்பு மூட்டு நன்றாகத் திறக்க வேண்டும். முய் தாயில் கை, முழங்கை, முழங்கால், கெண்டைக்கால் முன்னெலும்பு எல்லாமே ஆயுதம். அதனால்தான் அதை எட்டு உறுப்புகளின் கலை என்கிறார்கள். கழுத்தைப் பின்னிப் பிடித்துக்கொண்டு முழங்காலால் இடிப்பதும் உண்டு என்பதால் பிடிபடுகிற அவஸ்தையும் கொஞ்சம் கிடைக்கும்.

பிடிபடுவது என்றால் அதன் முழு வடிவம் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவிலும் மல்யுத்தத்திலும்தான் இருக்கிறது. நான் ஜூடோவுக்குப் போய் ஓராண்டு கழித்து ஜியு-ஜிட்சு வகுப்புகளுக்கும் போகத் தொடங்கினேன். என்னைவிட இருபது கிலோ குறைந்த ஒரு பெண் என் நெஞ்சின் மேல் குறுக்காகப் படுத்தார். அவர் எந்தப் பலமும் போடவில்லை. கால் விரல்களை மேட்டில் ஊன்றி, தன் எடை முழுவதையும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு என் விலா எலும்பின் மேல் இறக்கினார், அவ்வளவுதான். மூச்சை உள்ளே இழுக்க இடமே இல்லை. தள்ளப் பார்த்தேன். தள்ள நீட்டிய கையையே அவர் எடுத்துக்கொண்டார். முழங்கை வளையத் தொடங்கிய இடத்தில் அவர் தோளில் இரண்டு தட்டு தட்டினேன். உடனே விட்டுவிட்டார். "கையை நீட்டாதீங்க, முதல்ல என் பக்கம் திரும்புங்க" என்று சொல்லி, அதே நிலையில் மறுபடி படுத்தார். அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் இருபது தடவையாவது தட்டியிருப்பேன்.

அந்தத் தட்டுதான் இந்தக் கலையின் உயிர். தட்டினால் விடுவார்கள் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் இரண்டு பேரும் முழு பலத்தோடு முயன்று பார்க்க முடிகிறது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882-ல் ஒரு கோயிலில் 12 பாய் விரிக்கிற இடத்தில் கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு 21 வயது. உருவத்தில் சின்னவர். ஜூடோவுக்கு முன்பிருந்த பழைய ஜுஜுட்சுப் பள்ளிகளில் கண்ணைக் குத்துவது, உயிர்நிலைகளில் அடிப்பது போன்ற பயங்கரமான நுட்பங்கள் நிறைய இருந்தன. பயங்கரமானவை என்பதாலேயே அவற்றை முழுதாகச் செய்து பார்க்க முடியாது; பாவனையாகத்தான் பழகலாம். அப்படிப்பட்டவற்றை ஒதுக்கிவைத்துவிட்டால் மீதியைத் தினமும், எதிர்த்துப் போராடும் ஆளின் மேல், முழு வேகத்தில் பழகலாம் என்பதைக் கானோ பிடித்துக்கொண்டார். ரண்டோரி என்று அதற்குப் பெயர். ஆபத்து குறைந்த நுட்பத்தை ஆயிரம் தடவை உண்மையாகச் செய்தவர், ஆபத்தான நுட்பத்தை ஆயிரம் தடவை பாவனை செய்தவரைவிடத் தேர்ந்தவராக இருப்பார் என்பதை ஜூடோ காட்டியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அது இடம்பிடித்தது.

கானோவின் மாணவர் வழியில் வந்த மயேதா மிட்சுயோ 1914-ல் பிரேசிலுக்குப் போனார். அவரிடமிருந்து கிரேசி குடும்பத்துக்குப் போனதுதான் பின்னாளில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு ஆயிற்று. 1951-ல் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா மசாஹிகோ, எலியோ கிரேசியை ரியோவில் ஒரு தோள்பூட்டில் தோற்கடித்தார். அந்தப் பூட்டை இன்றும் ஜியு-ஜிட்சுக்காரர்கள் கிமுரா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தங்களை வென்றவரின் பெயரையே அந்த நுட்பத்துக்கு வைத்துக்கொண்ட அந்தப் பண்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த, வெவ்வேறு கலைக்காரர்களை மோதவிட்ட முதல் யூஎஃப்சி போட்டியில் எலியோவின் மகன் ராய்ஸ், சுமார் 80 கிலோ எடையுள்ளவர், ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்தார். அதைப் பார்த்தவர்கள் பலர், தரையில் மடக்கிப் பிடிக்கும் கலை மட்டும் போதும் என்று முடிவு கட்டினார்கள். எனக்குத் தெரிவது வேறு. ஒட்டிப் பிடித்து மடக்கும் அந்தத் தூரத்தில், எதிர்க்கிற ஆளோடு, வருடக்கணக்காகப் பழகியவர் அந்த மேடையில் அவர். மற்ற பலர் அந்தத் தூரத்தில் பழகவே இல்லை. அடுத்த சில வருடங்களில் எல்லோரும் பழகிவிட்டார்கள். அந்த வித்தியாசமும் குறைந்துவிட்டது.

அதனால் கராத்தே வீண், ஜியு-ஜிட்சு உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே கராத்தேவுக்குள் எத்தனை கராத்தே! ஃபுனகோஷி கிச்சின் 1922-ல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து செய்துகாட்டியதிலிருந்து கிளைத்தது ஷோட்டோகான் என்ற பிரிவு. ஓயாமா மசுதத்சு உருவாக்கிய கியோகுஷின் பிரிவில் உடம்பில் முழு பலத்தோடு அடிப்பார்கள், முகத்தில் கையால் குத்துவது மட்டும் கிடையாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு வகுப்பில் கிடைக்கும் பயிற்சி இன்னொரு வகுப்பில் கிடைக்காது. நான் ஐந்து மாதத்தில் விட்ட கராத்தேயை, சரியான இடத்தில் இருபது வருடமாகப் பழகுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய நேருதையை என்னால் இன்னும் தடுக்க முடியவில்லை.

தனியாகப் பழகுகிற அவஸ்தை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டா, சீனாவின் தாய்ச்சி, சிலம்பத்தின் தனிச்சுற்று இவையெல்லாம் அந்த வகை. இங்கே வலி குறைவு, சலிப்பு அதிகம். கம்பைச் சுற்றத் தொடங்கும்போது முதலில் விரல் கணுவில்தான் படும், பிறகு காதில். அது சில வாரத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகு யாரும் அடிக்கவும் இல்லை, யாரும் பிடிக்கவும் இல்லை. நீங்களும் கம்பும் மட்டும். அந்த அமைதியைத் தேடியே வருகிறவர்கள் உண்டு. கூச்சம் அதிகம் உள்ளவர்கள், முதுகோ முழங்காலோ பழுதானவர்கள், ஆளோடு ஆள் உரசுவதை விரும்பாதவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. ஆனால் தனியாகச் சுற்றிப் பழகியதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை எதிர்கொள்ள முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜோடியாக நின்று அடித்துத் தடுக்கும் பயிற்சிக்கு எப்போது அனுப்புவார்கள் என்று சேரும்போதே கேளுங்கள்.

தற்காப்புக்காகவே வருகிறவர்களிடம் நான் ஒளிக்காமல் சொல்வது இது. ஆறு மாதப் பயிற்சி உங்களைச் சண்டையில் வெல்ல வைக்காது. திடீரென்று ஒருவர் சட்டையைப் பிடித்தால் உறைந்து நிற்காமல் இருக்க உதவும். தள்ளிவிட்டால் மண்டை அடிபடாமல் விழ உதவும். விடுவித்துக்கொண்டு ஓட உதவும். கத்திக்கு எதிராக வெறுங்கையில் நம்பிக்கையாகச் செய்யக்கூடியது ஓடுவது மட்டும்தான். ஒரு வாரப் பட்டறையில் கத்தியைப் பிடுங்கக் கற்றுத்தருகிறேன் என்று சொல்பவரிடம் உங்கள் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

சரி, எங்கே சேர்வது? ஒரு வகுப்பைச் சேராமல் முழுதாக உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்து பார்க்க விடாத இடம் வேண்டாம். பார்க்கும்போது மாஸ்டரைப் பார்க்காதீர்கள். அவர் எப்படியும் நன்றாகத்தான் செய்வார். அங்கே வந்து குறைந்த நாளே ஆன ஆளைக் கண்டுபிடியுங்கள். பிறகு அங்கே இருப்பதிலேயே பலசாலி யார் என்று பாருங்கள். அந்த இருவரும் ஜோடி சேரும் நேரம் வரும். அந்த மூன்று நிமிடத்தில் அந்த இடத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். பலசாலி தன் பலத்தைக் குறைத்துக்கொண்டு மற்றவருக்கு ஒரு நுட்பத்தை முயன்று பார்க்க இடம் கொடுக்கிறாரா? தட்டியதும் விடுகிறாரா, இல்லை அரை நொடி தாமதிக்கிறாரா? அந்த அரை நொடியை மாஸ்டர் கவனிக்கிறாரா?

கிக்பாக்ஸிங்கில் அடிபட்ட பிறகு நான் ஜூடோ வகுப்பை இப்படித்தான் போய்ப் பார்த்தேன். கருப்பு பெல்ட் கட்டிய ஒருவர், புதிதாக வந்த பையனைத் தூக்கிப் போடும்போது அவனுடைய கைப்பக்கத்து உடுப்பைக் கடைசிவரை விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருந்தார். அப்படிப் பிடித்தால் விழுகிறவர் தலை தரையில் படாது, விழுகிற வேகமும் குறையும். யாரும் அதைச் சொல்லவில்லை, அவர் பாட்டுக்கு ஒவ்வொரு தடவையும் செய்தார். அன்றைக்கே பெயர் கொடுத்தேன்.

இன்னும் சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. மேட்டைத் தினமும் துடைக்கிறார்களா என்று பாருங்கள். துடைக்காத இடத்தில் படர்தாமரை சீக்கிரம் பரவும், ஒருவருக்கு வந்தால் வகுப்பே ஒரு மாதம் அவதிப்படும். நகம் வெட்டச் சொல்கிறார்களா? நாற்பது வயதைத் தாண்டியவர் ஒருவராவது இருக்கிறாரா? இருந்தால் அங்கே உடம்பை உடைக்காமல் பழக வழி தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வருடக் கட்டணத்தை முதல் நாளே மொத்தமாகக் கேட்டால் யோசியுங்கள். பெண்களுக்கு இன்னொன்று: யாரோடு ஜோடி சேர மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குக் காரணம் கேட்டுத் துளைக்கிற இடத்தில் ஒரு நாள்கூட இருக்க வேண்டியதில்லை.

பெல்ட்டைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ஜியு-ஜிட்சுவில் கருப்பு பெல்ட்டுக்குச் சாதாரணமாகப் பத்து வருடம் ஆகும். இரண்டு வருடத்தில் கொடுக்கிற கருப்பு பெல்ட்டும் ஊரெங்கும் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் கருப்பு பெல்ட்டின் முதல் நிலைக்கு ஷோதான் என்று பெயர். ஷோ என்றால் தொடக்கம்.

போன மாதம் எங்கள் வகுப்புக்கு ஐம்பது வயதுக்கு மேலான ஒரு பெண் வந்தார். மூன்று நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு நான்காவது நாள் சேர்ந்தார். மாஸ்டர் அவரை என்னிடம் அனுப்பினார். "எனக்கு அடி வாங்கப் பயம். விழறதுக்குப் பயம் இல்லை" என்றார். குந்தி உட்காரச் சொன்னேன். முடிச்சைப் பாருங்கள் என்றேன். முதல் தடவை கை பின்னால் ஊன்றப் போனது, நான் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது தடவையும் போனது. ஏழாவதோ எட்டாவதோ, இரண்டு கையும் ஒன்றாக மேட்டில் விழுந்து அறை முழுக்கச் சத்தம் கேட்டது. படுத்தபடியே மேலே பார்த்து, "இப்போ சரியா?" என்று கேட்டார். தாடை இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும் என்றேன். எழுந்து மறுபடி குந்தி உட்கார்ந்தார்.